வெளிவாரிப் பட்டதாரி விபுலாநந்தர்

நுகேகொடை, நாவலையில் 1980ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமாணிப் பட்டநெறியிலே, தொழில் புரிந்தவாறே பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம், தாவரவியல், விலங்கியல் முதலியவற்றுள் சிலவற்றை இணைத்துக் கற்க இயலும். ஆயினும் இது வேறிடம் கிட்டாதோர் நாடும் வழியென்றும், பல துறைகளைத் தொடுபவர் எதிலும் ஆழங்காணார் என்றும் கருதும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். அத்தகையோர் சுவாமி விபுலாநந்தரின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குதல் நன்றென நாம் எண்ணுகின்றோம்.

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே அமைந்த காரைதீவில் 1892இல் பிறந்தவர் மயில்வாகனனார். கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, 16 வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியெய்தினார். பின்னாளில் இந்துத் துறவியானவருக்கு அடித்தளமிட்டவை கிறிஸ்தவப் பாடசாலைகளே. ஆசிரியரான பின்னரும் அவர் மாணவராகவே விளங்கினார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்ற அதே 1916ஆம் ஆண்டிலேதான் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் அவர் தேறினார். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடுமாறு அவரை எவரும் வற்புறுத்தவில்லை போலும்! உயர்தர வகுப்பில் உயிரியலா, கணிதமா என இளவயதிலேயே பிரிக்கப்படும் நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்தார். அப்போது இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லை. கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதும் 1921இலேதான். இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிவாரியினருக்கும் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டிருந்தது. ஆசிரியப் பணிக்கிடையே தாமே பயின்று, 1920இல் அப்பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை அவர் பெற்றார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார். 1924இல் சென்னையில் இராமகிருஷ்ண மடத்தில் துறவறம் பூண்டார்.

விஞ்ஞானப் படிப்பு துறவிக்கு எதற்கு என வினவலாம். தமிழில் அறிவியலைக் கற்பிப்பதற்கான சொற்களை ஆக்கும் பொருட்டு 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே அறிந்த வேறொருவரை அன்று தேடியிருந்தாலும் கண்டிருத்தல் அரிது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் பதவி அந்த வெளிவாரிப் பட்டதாரியையே நாடி வந்தது.

அவரது பெரும்படைப்பாகிய யாழ் நூலும் இதற்குச் சான்றாகும். வழக்கொழிந்துபோன யாழ்க்கருவிகளின் அமைப்பைச் சிலப்பதிகாரச் செய்திகளைக் கொண்டு மீட்டெடுக்க முற்பட்டபோது, இலக்கியப் புலமை மட்டும் போதியதாக இருக்கவில்லை. நரம்பின் நீளத்துக்கும் அதில் எழும் சுருதிக்கும் உள்ள விகிதத்தைக் கணிக்கப் பௌதிகவியலும் கணிதமும் வேண்டியிருந்தன. பல்லாண்டு உழைப்பில் உருவான அந்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி, தம் 55ஆவது வயதில் அடிகளார் மறைந்தார்.