கும்பினிச் சிப்பாய் கான்சாகிபு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன், காயல்பட்டினம்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று சங்கத்து அண்ணன்மார் கேட்டபோது எனக்கு உதறல் எடுத்தது. கவிதை எனக்கு வராது. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வாப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். உம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதனால் என்னைப் போலவே பின்பலம் இல்லாமல் மேலே வந்த ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். மருதநாயகம் என்கிற கான்சாகிபு.

நம்மில் பலருக்கு இந்தப் பேர் சினிமா மூலமாகத்தான் தெரியும். 1997இல் இங்கிலாந்து ராணியே வந்து கலந்துகொண்ட தொடக்க விழாவோடு கமல்ஹாசன் ஆரம்பித்து, முடியாமல் நின்றுபோன படம். ஆனால் எனக்கு இவர் மேல் பிடிப்பு வந்தது ரயிலில். திருச்செந்தூரிலிருந்து நெல்லை போகும் ரயில் ஆழ்வார்திருநகரியில் நிற்குமல்லவா? 1760இல் கொழும்பிலிருந்து வந்த டச்சுப் படை தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் இறங்கி அந்த ஊர் வரை முன்னேறியது. கான்சாகிபு படை வருகிறது என்று தெரிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டது. லைப்ரரி புத்தகத்தில் இதைப் படித்த அன்றைக்கு ஜன்னல் வழியாக அந்த ஊரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே போனேன். நம்ம ஊர்ப்பக்கம் இப்படி ஒரு கதையா!

இவர் 1725 வாக்கில் அன்றைய இராமநாதபுரம் சீமையிலுள்ள பனையூரில் பிறந்தார் என்று சொல்கிறார்கள். சின்ன வயதிலேயே வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பாண்டிச்சேரியில் ஐரோப்பியர் வீட்டில் வேலை பார்த்தாராம். பிறகு இஸ்லாத்தைத் தழுவி முகம்மது யூசுப்கான் ஆனார். ஜனங்கள் வாயில் அது கான்சாகிபு என்று நின்றது.

அந்தக் காலம் எப்படிப்பட்டது தெரியுமா? ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகம்மது அலியும் சந்தா சாகிபும் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் பின்னால் ஆங்கிலேயக் கும்பினி, இன்னொருவர் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். யூசுப்கான் முதலில் சந்தா சாகிபு பக்கம் இருந்தார். அதன் பின் கிளைவின் படையில் சேர்ந்தார். ஐரோப்பிய முறையில் டிரில் பழகி, வரிசை கலையாமல் சுடப் பயின்ற சிப்பாய்ப் படைதான் அன்றைக்குத் தென்னாட்டில் எல்லோரும் பயந்த படை. அதில் இவர் மளமளவென்று சுபேதார் ஆனார்.

இவர் திறமை முழுசாக வெளிப்பட்டது திருச்சி முற்றுகையில். கோட்டைக்குள் ஆங்கிலேயப் படை. வெளியே பிரெஞ்சு, மைசூர்ப் படைகள். உள்ளே அரிசி போகவில்லை என்றால் கதை முடிந்தது. தஞ்சாவூரிலிருந்தும் தொண்டைமான் சீமையிலிருந்தும் மாட்டு வண்டிகளில் தானியம் வரவேண்டும். அந்த வண்டிகளை எதிரி கண்ணில் படாமல் கொண்டுவந்து சேர்க்கும் வேலை யூசுப்கானுடையது. எந்தப் பாதையில் எதிரி இருக்கிறான், எந்த இரவில் புறப்படலாம் என்று ஒற்றர்களை வைத்துத் துல்லியமாகத் தெரிந்துகொள்வார். தளபதி லாரன்ஸ் தன் நினைவுக் குறிப்புகளில் இவரை மனம் திறந்து பாராட்டியிருக்கிறார். போரில் ஜெயிப்பது பீரங்கி மட்டும் அல்ல, நேரத்துக்கு வந்து சேரும் சாப்பாடும்தான் என்று நான் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான்.

மேலே வருகிறவனுக்குப் பொறாமைக்காரர்கள் இல்லாமல் இருப்பார்களா? லாரன்ஸின் துபாஷி பொன்னியப்பன், யூசுப்கான் எதிரியோடு சேர்ந்துவிட்டதாகப் பொய்க் கடிதம் ஒன்றை உருவாக்கி மாட்டிவிடப் பார்த்தான். விசாரணையில் சூது வெளிப்பட்டது. பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்கள். 1754இல் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக யூசுப்கான் நியமிக்கப்பட்டார். தங்கப் பதக்கமும் கிடைத்தது. அப்போது வயது முப்பதை ஒட்டித்தான்!

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். யூசுப்கான் தெற்கேயிருந்து விரைந்து போய், வெளியே நின்றபடியே பிரெஞ்சுக்காரர்களுக்கு வரும் உணவையும் ஆட்களையும் மறித்துத் தூங்கவிடாமல் அடித்தார். பரங்கிமலைப் பக்கம் அவரோடு தோளோடு தோள் நின்று போரிட்டவர் பிரெஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி. இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுப் போனார்.

அந்த வருஷமே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை வருஷத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் குத்தகைக்கு யூசுப்கானிடம் ஒப்படைத்தார்கள். சிப்பாய் இப்போது நிர்வாகி. வரி ஒழுங்காக வந்தது. வழிப்பறி குறைந்தது. மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பறிபோன நிலங்களை மீட்டுக் கொடுத்தார் என்று மதுரையில் இன்றும் சொல்கிறார்கள். அங்கே ஒரு தெருவுக்கே கான்சா மேட்டுத் தெரு என்றுதான் பேர்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்தச் சீமையைக் கும்பினிக்கு அடக்கிக் கொடுத்ததும் இவர்தான். கள்ளர் நாட்டில் ஊர்களைக் கொளுத்தியது இவர் படை. கும்பினிக்குக் கப்பம் கட்ட மறுத்து நின்ற நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளை 1761இல் பிடித்ததும் இவர்தான். எங்க வகுப்பிலேயே நெற்கட்டும்செவல் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கிறான். நான் கான்சாகிபைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் யூசுப்கானுக்கே அந்த அடி விழுந்தது. சீமையின் உண்மையான சொந்தக்காரர் நவாப்தான், நீ அவருக்குக் கீழே இருக்க வேண்டியவன் என்று கும்பினி ஒதுங்கிக்கொண்டது. நவாபுக்கோ இவர் செல்வாக்கைக் கண்டு பயம். வருஷத்துக்கு ஏழு லட்சம் தருகிறேன், நான்கு வருஷம் குத்தகை கொடுங்கள் என்று யூசுப்கான் கேட்டும் மறுத்துவிட்டார்கள். சென்னைக்கு வா என்ற உத்தரவுக்கு அவர் போகவில்லை. படை திரட்டினார். 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

அதே வருஷம் கும்பினிப் படை மதுரையைச் சுற்றி வளைத்தது. மழைக்காலம் வந்ததும் திரும்பிப் போனது. 1764இல் மேஜர் காம்பெல் தலைமையில் மறுபடி வந்தது. ஜூன் 26ஆம் தேதி கோட்டை மதிலில் ஏற முயன்றார்கள். யூசுப்கான் ஆட்கள் அடித்துத் தள்ளினார்கள். அந்தச் சண்டையில் பட்ட காயத்தில் இறந்துபோன அதிகாரி யார் தெரியுமா? பிரெஸ்டன். பரங்கிமலையில் ஒரே பக்கம் நின்ற இருவரும் ஐந்து வருஷம் கழித்து மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சண்டையில் முடியாததைப் பட்டினி முடித்தது. எதிரிக்கு வரும் உணவை மறித்தே பேர் வாங்கியவர் கோட்டைக்கு உணவு வராமல் போயிற்று. அக்டோபர் 13ஆம் தேதி, தொழுகையில் இருந்தபோது, திவான் சீனிவாசராவ், பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்த் போன்ற கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள். 15ஆம் தேதி நவாப் உத்தரவின்படி தூக்கில் போட்டார்கள். வயது நாற்பதுக்குள்தான். செத்த பிறகும் பயம் தீரவில்லை. உடலைத் துண்டாக்கித் திருச்சி, பாளையங்கோட்டை என்று பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்கிறார்கள். மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. கான்சாகிபு சண்டை என்று கதைப்பாடலாகவும் ஜனங்கள் அவரைப் பாடினார்கள்.

நண்பர்களே, அடுத்த வருஷம் நாமும் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஏதாவது கம்பெனி வாசலில் நிற்கப்போகிறோம். எங்க வாப்பாவுக்கு அது ஒன்றுதான் கனவு. எனக்கும் வேலை வேண்டும், சந்தேகமே இல்லை. யூசுப்கான் மாதிரி வேலையில் கெட்டிக்காரனாக இருக்கணும் என்றும் ஆசைதான். குலம் கோத்திரம் கேட்காமல் அவரை உயர்த்தியது அந்தத் திறமைதானே.

ஆனால் அந்தத் திறமை இத்தனை வருஷம் யாருக்காக உழைத்தது, யார் தலையில் விழுந்தது என்று அவர் கேட்டுக்கொண்டது கடைசியில்தான். அதுவும் தன் தலையில் விழுந்தபோது. அந்த நண்பனுக்கு நான் இப்போது சொல்லக்கூடிய பதில் இதுதான்: அவர் வீரத்தை நான் மதிக்கிறேன், உங்க ஊர்க் கோட்டையையும் மறக்கமாட்டேன். கை நிறையத் தொழில் கற்போம். அந்தக் கை யாருக்காக வேலை செய்கிறது என்பதையும் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்வோம்.

ஆழ்வார்திருநகரியில் ரயில் நிற்கும்போது நீங்களும் ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.