‘டு’ எப்போ, ‘ஸோ தட்’ எப்போ? ராஜாஜி வாழ்க்கையே ஓர் ஆங்கிலப் பாடம்

‘வேலை பார்க்க வந்தார்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நம்மில் பலர் ‘ஃபார் வொர்க்கிங்’ என்று போட்டுடுவோம். ‘டு வொர்க்’ என்பதே சரி. ராஜாஜியின் கதையோடு பார்த்தால் இது சுலபமாகப் புரியும்.

1878-ல் அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சட்டம் படித்துவிட்டு சேலத்துக்கு வந்தார். எதுக்கு? வக்கீல் தொழில் செய்ய. வந்தவரும் அவரே, செய்தவரும் அவரே. அங்கே ‘டு’ போதும்.

1916-ல் சேலத்தில் தமிழ் அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். எதுக்கு? மாணவர்கள் தமிழிலேயே அறிவியல் படிக்க. தொடங்கியவர் ஒருவர், படிப்பவர் வேறு. இங்கே ‘ஸோ தட்’ கைகொடுக்கும்.

1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். கிராமத்து மக்கள் கதர் நூற்றுக் கூலி பெற வேண்டும் என்பது நோக்கம். இதுவும் ‘ஸோ தட்’தான்.

1938-ல் மாகாணப் பிரதமராக இந்தியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கி, கடும் எதிர்ப்பைச் சந்தித்தவரும் அவர்தான். அவரே பிற்காலத்தில், இந்தி தெரியாதவர்கள் பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஆங்கிலம் ஆட்சிமொழியாக நீடிக்கப் போராடினார். 1972-ல் மறைந்தார்.

அந்தக் கடைசி நோக்கத்தைச் சொல்ல எது வரும்? பின்தங்கக் கூடாதவர்கள் வேறு ஆட்கள். அதனால் ‘ஸோ தட்’.