பிரசங்கம் பண்ண வந்தவர் தொட்டில் ஆட்டிய கதை! 55 வருஷம் ஊருக்கே போகாத 'டோனாவூர் அம்மா'

நெல்லை மாவட்டம் களக்காடு பக்கத்தில், மலை அடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். அங்குள்ள ஒரு கல்லறையில் பெயர்ப்பலகை கிடையாது. பறவைகள் தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும்தான். அதில் செதுக்கியிருப்பது ஒரே வார்த்தை: அம்மா.

அந்த அம்மாவின் பெயர் ஏமி கார்மைக்கேல். பிறந்தது அயர்லாந்தில், 1867 டிசம்பர் 16-ந்தேதி. அப்பா மாவு மில் நடத்தியவர்.

கந்தல் மூட்டை

பெல்பாஸ்ட் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவில் முடிந்து வரும் வழியில், பெரிய மூட்டையோடு தள்ளாடிய ஏழை கிழவிக்கு ஏமியும் தம்பிகளும் கைகொடுத்தார்கள். கூட வந்த பெரிய மனிதர்கள் பார்க்கிறார்களே என்று ஏமிக்கு கூச்சமோ கூச்சம். முகமெல்லாம் சிவந்து போச்சு. ஆனால் அந்த கூச்சத்தை நினைத்துத்தான் பிறகு அவர் வெட்கப்பட்டார். வாழ்க்கையே மாறியது.

மில்லில் வேலை பார்த்த பெண்கள் தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையை தலையில் போர்த்தி வருவார்கள். அவர்கள் கோவிலுக்கு வருவது வசதியானவர்களுக்கு பிடிக்கவில்லை. அந்த பெண்களுக்காகவே 1889-ல் 500 பேர் உட்காரும் தகர கொட்டகை எழுப்பினார் ஏமி.

கையுறை சொன்ன பாடம்

1893-ல் ஜப்பான் போனார். நோயாளி பாட்டி ஒருத்தியிடம் ஏசுவை பற்றி பேசும்போது, பாட்டியின் கண் ஏமியின் ரோம கையுறை மேலேயே இருந்தது. பேச்சு காதில் ஏறவே இல்லை. அன்று முதல் அந்த ஊர் உடைக்கு மாறினார்.

1895-ல் இந்தியா வந்தவர் இங்கே கட்டியது சேலை. தமிழ் படித்தார். மாட்டு வண்டியில் பெண்கள் குழுவோடு கிராமம் கிராமமாக போய் பிரசங்கம் செய்தார்.

தப்பி வந்த சிறுமி

1901 மார்ச் மாதம். பண்ணைவிளையில் இருந்த ஏமியிடம் 7 வயது சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். பெயர் பிரீனா. தேவதாசியாக்க விடப்பட்டிருந்த இடத்தில் இருந்து தப்பி வந்தவள். முன்பு ஒருமுறை தாயிடம் ஓடியதற்காக அவள் கையில் சூடு போட்டிருந்தார்கள்.

ஏமி அவளை திருப்பி அனுப்பவில்லை. அதே ஆண்டில் டோனாவூரில் குழந்தைகள் இல்லம் உருவானது. இப்படிப்பட்ட குழந்தைகளை தேடி, தோலில் காபி சாயம் பூசிக்கொண்டு உள்ளூர் பெண் போலவும் போனார். 1913-ல் அங்கே 130 குழந்தைகள்.

மனசுக்குள் போராட்டம்

குழந்தைகள் பெருக பெருக ஊர் ஊராக போவது நின்றது. பால் காய்ச்சுவது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது என்றே பொழுது போனது. ஊழியம் செய்ய வந்தவருக்கு இதுவா வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அவருக்குள்ளேயும் அந்த கேள்வி இருந்தது.

சீடர்களின் காலை ஏசுவே கழுவினாரே என்பதுதான் அவர் கண்ட பதில். அதன்பிறகு சமையல்கட்டும் தொட்டிலும் அவருக்கு பிரசங்க மேடையாகி விட்டன. இல்லத்துக்காக யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பதிலும் உறுதியாக இருந்தார்.

1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியும் வந்தது.

20 வருஷம் படுக்கை

1931-ல் களக்காட்டில் மருந்தகத்துக்காக பிடித்த வீட்டை பார்க்க போனார் ஏமி. இருட்டில் அங்கு வெட்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய 20 வருஷம் அறைதான் கதி. படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார்.

பெண்களை தேவதாசியாக்குவதற்கு 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டப்படி தடை வந்தது. அதையும் பார்த்துவிட்டு, 1951 ஜனவரி 18-ந்தேதி 83 வயதில் கண்ணை மூடினார் அம்மா. இந்தியா வந்த 55 வருஷத்தில் ஒருமுறை கூட அவர் சொந்த நாட்டுக்கு போகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.