தளபதியின் கழுத்தில் கட்டிய நெறி

1884-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவில் லாங் பிராஞ்ச் என்ற கடற்கரை ஊர். யுலிசிஸ் கிராண்ட் ஒரு பீச் பழத்தைக் கடித்து விழுங்கினார். தொண்டையில் சுரீர் என்றது! பழத்தில் இருந்த பூச்சி கொட்டிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் குடித்தார். தண்ணீரும் நெருப்பாக எரிந்தது.

கிராண்ட் சாமானியர் அல்ல. உள்நாட்டு யுத்தத்தில் வடக்குப் படையை நடத்தி வென்றவர். 1869 முதல் 1877 வரை ஜனாதிபதி. அப்போது வயது 62. அதற்கு முந்திய மாதம்தான், கூட்டாளி செய்த மோசடியில் சொத்தெல்லாம் பறிபோயிருந்தது.

உடனே குடும்ப டாக்டரிடம் காட்டும்படி ஒரு டாக்டர் சொன்னார். குடும்ப டாக்டரோ ஐரோப்பா போயிருந்தார். அவர் வரட்டும் என்று கிராண்ட் இருந்துவிட்டார். அக்டோபரும் வந்துவிட்டது.

நியூயார்க்கில் தொண்டை நிபுணர் டக்ளஸ் பார்த்தார். நாக்கின் அடிப்பகுதி தடித்துக் கெட்டிப்பட்டிருந்தது. தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. புற்றுநோயா என்று கிராண்ட் நேராகவே கேட்டார். நோய் கடுமையானது, சில சமயம் குணமாகும் என்ற அளவில் டாக்டர் பதில் சொன்னார்.

சளி பிடித்தால் குழந்தைக்கும் நெறி கட்டும். சில நாளில் வடிந்துவிடும். வயதானவர் கழுத்தில் கெட்டியான கட்டி இரண்டு மூன்று வாரமாகியும் கரையவில்லை என்றால், அது வேறு விஷயம். வலிக்கவில்லையே என்று சும்மா இருக்கிறோமே, அதுதான் ஆபத்து! கட்டி கழுத்தில் தெரியும். மூலம் நாக்கடியிலோ, டான்சிலிலோ, குரல்வளையிலோ ஒளிந்திருக்கும். ஆகவே இன்றைய டாக்டர்கள் மெல்லிய குழாய் விட்டுத் தொண்டை முழுவதையும் பார்க்கிறார்கள். ஸ்கேன் எடுக்கிறார்கள். எடுத்த எடுப்பில் கட்டியை அறுப்பதில்லை. மெல்லிய ஊசியால் அதிலிருந்து அணுக்களை உறிஞ்சி மைக்ராஸ்கோப்பில் சோதிக்கிறார்கள்.

கிராண்டின் தொண்டையிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்தது 1885 பிப்ரவரியில். புற்று உறுதியாயிற்று. ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாரா? சொல்வதற்கில்லை. எக்ஸ்-ரே கூட வராத காலம் அது.

எல்லாம் சுருட்டு செய்த வேலை. 1862-ல் டொனல்சன் கோட்டையைப் பிடித்தபோது அவர் கையில் சுருட்டு இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பாராட்டாக ஜனங்கள் சுருட்டாக அனுப்பித் தள்ளினார்கள். வந்ததைப் பிடிக்கப் போய், பழக்கம் ஒட்டிக்கொண்டது.

மனைவி ஜூலியா வறுமையில் வாடக் கூடாதே என்று கிராண்ட் தம் வரலாற்றை எழுதினார். பேச முடிந்தவரை சொல்லி எழுதவைத்தார். குரல் போனதும் தாமே எழுதினார். 1885 ஜூலையில் எழுதி முடித்தார். ஜூலை 23-ந் தேதி உயிர் பிரிந்தது.

எழுத்தாளர் மார்க் ட்வைனின் கம்பெனி அந்தப் புத்தகத்தை வெளியிட்டது. ஜூலியாவுக்குக் கிடைத்த பணம் சுமார் 4½ லட்சம் டாலர்.