சிரித்த முகத்தோடு வாழ்ந்த சவேரியார்

மலாக்கா பட்டணத்துக்குப் போய்வரும் தோட்டத்து மக்களுக்கு அந்தச் சிலை தெரிந்திருக்கும். செயின்ட் பால் குன்றின் மேல், இடிந்த கோயிலுக்கு முன்னால், வலது கை ஒடிந்து வெள்ளையாய் நிற்கிறது. அவர்தான் புனித சவேரியார். அவர் நம் தமிழ் மக்களோடு வாழ்ந்தவர் என்பதும், எத்தனை கஷ்டத்திலும் முகம் சுளிக்காதவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடக்கே, நவார்ரா என்ற பகுதியில், 1506-இல் கோட்டை வீட்டில் பிறந்தார். செல்லப் பிள்ளைதான், ஆனால் செல்லம் நீடிக்கவில்லை. ஒன்பது வயதில் தகப்பனார் போய்ச் சேர்ந்தார். மறு வருஷமே அரசாங்கக் கட்டளையால் கோட்டை மதில்களை இடித்துப் போட்டார்கள். பிறகு பாரிஸ் பட்டணத்தில் படித்துப் பட்டம் வாங்கினார். பெரிய பதவி கிடைக்க வழியிருந்தும் அதை விட்டுவிட்டு, 1534-இல் இஞ்ஞாசியாரோடு சேர்ந்து ஏழ்மை விரதம் எடுத்தார். அந்தச் சிறு கூட்டம்தான் பின்னால் சேசு சபை ஆயிற்று.

1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறியவர் கோவா வந்து சேர்ந்தபோது 1542 மே மாதம். நம் தாத்தா பாட்டிமார் ரஜூலா கப்பலின் தளத்தில் படுத்து, வாந்தியும் மயக்கமுமாய்ப் பினாங்கு வந்த கதையைக் கேட்டிருக்கிறோமே, அதைப்போல பல மடங்கு. சவேரியாருக்கு இரண்டு மாதம் தலை தூக்க முடியாத கடல் மயக்கம். அப்படியிருந்தும் கப்பலில் சாகக் கிடந்த நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டே வந்தார்.

அந்த வருஷக் கடைசியில் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் போனார். பாஷை தெரியாது. தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் எழுதி, மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார். உச்சரிப்பு தவறியிருக்கும், பிள்ளைகள் சிரித்திருக்கும். அவர் வெட்கப்பட்டு மூலையில் உட்காரவில்லை.

1544-இல் வடுகர் படை பரதவர்களைத் தாக்கியது. ஜனங்கள் குமரி முனைப் பக்கம் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் தவித்தார்கள். இவர் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை, தோணிகள் திரும்பின. மனம் தளராமல் கரை வழியே நடந்தே போய்ச் சேர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகமலர்ச்சி என்றால் அநியாயத்துக்குப் பல்லிளிப்பது அல்ல. போர்த்துகீசிய அதிகாரிகளே மீனவர்களைக் கொடுமைப்படுத்தியபோது சவேரியார் கோபப்பட்டார். ராஜாவுக்கே கடிதம் எழுதி முறையிட்டார். சிரித்த முகம் வேறு, வாய் மூடிய முகம் வேறு. கூலி குறைந்தால் கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மனைவி மக்கள்மேல் எரிந்து விழக்கூடாது. அவ்வளவுதான்.

1545-இல் மலாக்கா வந்தார். தங்கியது ஆஸ்பத்திரியில், ஏழை நோயாளிகளுக்கு நடுவே. இரவில் மணியடித்துக்கொண்டு தெருக்களில் செபம் சொல்லிப் போவார். அவரோடு பழகியவர்கள் அவருடைய சிரித்த முகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து மொலுக்காஸ் தீவுகளுக்குப் போனார். அங்கே மோரோ தீவுகளில் எரிமலை, பூமியதிர்ச்சி, விஷம் வைத்துக் கொல்லும் பகை. அங்கேதான் தமக்கு ஆண்டவர் தந்த ஆறுதல் அதிகம் என்று பிறகு எழுதினார்.

பெரிய அடி விழுந்தது இந்த மலாக்காவில்தான். 1552-இல் சீனாவுக்குத் தூது போக எல்லாம் தயார். பணத்தைப் போட்டவர் அவருடைய நண்பர் தியோகோ பெரெய்ரா. இங்கிருந்த தலைவர் அல்வாரோ த அதாயிதே பொறாமையால் கப்பலின் சுக்கானையே பிடுங்கி வைத்துக்கொண்டார். சவேரியார் கெஞ்சினார், திருச்சபையின் அதிகாரத்தைக் காட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. நொந்துபோன நண்பருக்கு ஆறுதல் கடிதம் எழுதினார். பின் தூதர் இல்லாமலே, ஜூலையில் கப்பலேறினார்.

சீனக் கரைக்கு எதிரே சாங்சுவான் தீவில், கூட்டிப்போக வருவதாகச் சொன்ன வியாபாரிக்காகக் காத்திருந்தார். அவன் வரவில்லை, காய்ச்சல் வந்தது. 1552 டிசம்பர் 3-இல் ஒரு குடிசையில், 46-ஆம் வயதில், ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டே கண் மூடினார். மறு வருஷம் உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து, அந்தக் குன்றுக் கோயிலில் சில மாதம் அடக்கம் செய்திருந்தார்கள். பிறகு கோவாவுக்கு எடுத்துப் போனார்கள். 1622-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது.

சந்தோஷம் அவர் மடியில் தானாக வந்து விழவில்லை. சிலுவையில் தொங்கிய இயேசு கல்லறையோடு முடிந்துபோகவில்லை என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் தினமும் அதைத் தேர்ந்துகொண்டார். ராத்திரி செபத்தில் அழுதிருப்பார். விடிந்தால் நோயாளியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

நம் துயரம் குறைய நாளாகலாம். செம்பனைக் குலை கனக்கத்தான் செய்யும், கடன்காரன் வரத்தான் செய்வான். ஆனாலும் விடியற்காலையில் ஒரு நிமிஷம் கைகூப்பிவிட்டு, பக்கத்து வீட்டில் படுத்திருக்கும் பெரியவரை, "கஞ்சி குடிச்சீங்களா, தாத்தா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போகலாமே. அதற்குக் காசு வேண்டாம். கேட்ட நம் மனசுதான் முதலில் லேசாகும்.