உயரம் கொடுத்த வெற்றி, உயிரைப் பறித்த நோய்



ஃப்ளோ ஹைமன் அமெரிக்காவின் கைப்பந்து வீராங்கனை. 1954 ஜூலை 31-ல் பிறந்தார். வீட்டில் 8 பிள்ளைகள். 12 வயசிலேயே 6 அடி வளர்ந்துட்டார்! முதலில் அதை நினைத்து வெட்கப்பட்டார். கைப்பந்து ஆட ஆரம்பித்ததும் அந்த உயரமே பலம் ஆனது. கடைசியில் 6 அடி 5 அங்குலம். அவர் ஸ்மாஷ் அடித்தால் எதிர் டீம் நடுங்கும்!

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் ஆட முடியலை. விடாமல் காத்திருந்து 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

பிறகு ஜப்பானில் ஒரு அணிக்கு ஆடினார். 1986 ஜனவரி 24 அன்று ஆட்டத்தின் நடுவே மாற்று வீராங்கனையை இறக்கினார்கள். பெஞ்சில் போய் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து இறந்துபோனார். வயது 31தான்.

மாரடைப்பு என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிரேதப் பரிசோதனையில் பெருந்தமனி கிழிந்திருந்தது தெரிந்தது. காரணம், மார்ஃபன் நோய். அறிவியல் பாடத்தில் இணைப்புத் திசு படிக்கிறோமே, அது பிறவியிலேயே பலமில்லாமல் இருக்கும். சுமார் 5000 பேரில் ஒருவருக்கு வரும். கை, கால், விரல்கள் நீளமாக இருக்கும், கண்பார்வை குறையலாம், பெருந்தமனி மெல்ல விரியும். இது ஒட்டுவாரொட்டி இல்லை. உயரமா இருக்கிற எல்லாருக்கும் இது இருக்காது, நம்ம டீம் அக்காக்கள் பயப்படாதீங்க! எக்கோ ஸ்கேனில் பெருந்தமனி விரிவதைக் கண்டுபிடிக்கலாம். மாத்திரையும் ஆபரேஷனும் உண்டு.

ஃப்ளோவுக்கு உயிரோடு இருந்தவரை யாரும் கண்டுபிடிக்கலை. அவர் இறந்த பிறகு கூடப்பிறந்தவர்களைப் பரிசோதித்தார்கள். ஒரு சகோதரருக்கும் அதே நோய் இருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி