சம்பல் பள்ளத்தாக்கில் வினோபா

சென்னையிலிருந்து டில்லிக்கு ரயிலில் வரும் நம்மவர்கள் மொரேனா தாண்டியதும் சம்பல் பாலத்தைக் கடக்கிறோம். இருபுறமும் மழைநீர் அரித்த மண்மேடுகள், ஆழமான பள்ளங்கள். கொள்ளைக் கூட்டங்கள் ஒரு காலத்தில் ஒளிந்திருந்த இடம். 1960 மே மாதம் அங்கே ஆயுதமின்றி நடந்து போனவர் ஆச்சாரிய வினோபா பாவே.

1895-ல் மகாராஷ்டிரத்தில் ககோதே கிராமத்தில் பிறந்தவர். 1940-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்துக்குக் காந்திஜி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். கைதிகளின் மனம் அவருக்குப் புதிதல்ல. 1932-ல் துலியா சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு ஞாயிறுதோறும் கீதை சொன்னார். பின்னர் வேலூர் சிறையில் தமிழும் மற்றத் தென்னாட்டு மொழிகளும் கற்றார். 1951-ல் போச்சம்பள்ளியில் பிறந்த பூதான இயக்கம் எல்லோரும் அறிந்ததே.

சம்பலுக்கு அவரை இழுத்தது ஒரு கடிதம். கொள்ளைத் தலைவர் மான்சிங்கின் மகன் தாசில்தார் சிங் (தாசில்தார் என்பது பெயர்தான், உத்தியோகமல்ல) தூக்குத் தண்டனை பெற்று நைனி சிறையில் இருந்தார். சாகுமுன் வினோபாவைக் காண வேண்டும் என்று எழுதினார். வினோபா தம் சார்பில் மேஜர் ஜெனரல் யதுநாத் சிங்கை அனுப்பினார். பிறகு தாமே யாத்திரையாகச் சென்றார். 20 பேர் அவர் முன் துப்பாக்கிகளை வைத்தனர்.

விடுதலை வாங்கித் தருவதாக அவர் ஆசை காட்டவில்லை. செய்ததை ஒப்புக்கொண்டு கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். போனார்கள், சிறையும் சென்றார்கள். தாசில்தார் சிங்கின் தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

போலீஸ் தரப்பில் கடும் எதிர்ப்பு எழுந்தது. கொலைகாரர்களுக்கு மாலை மரியாதையா, உயிரைக் கொடுத்த போலீஸாருக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒருவரைத் தூக்கிலிட்டால் மட்டும் தாலியறுத்தவள் வீட்டில் அடுப்பு எரியுமா? குற்றவாளி திருந்துவதும், பாதிக்கப்பட்ட குடும்பம் நிமிர்வதும், பகை அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நிற்பதும் நீதியில் சேர்ந்தவைதாமே! அந்த வேலைக்காகச் சம்பல் பள்ளத்தாக்கு அமைதிக் குழு அமைந்தது. வேலை மெதுவாகத்தான் நடந்தது.

1971-ல் மாதோ சிங் என்ற கொள்ளைத் தலைவர் வினோபாவை நாடியபோது, ஜெயப்பிரகாஷ் நாராயணனிடம் போகும்படி சொல்லிவிட்டார் அவர். 1972 ஏப்ரலில் மொரேனா மாவட்டம் ஜோராவில் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தார்கள். தூக்கு இல்லை என்ற உறுதியை ஜெ.பி. முன்கூட்டியே அரசிடம் பெற்றிருந்தார்.

வினோபா 1982 நவம்பர் 15-ல் பவனார் ஆசிரமத்தில் காலமானார். 1972-ல் பள்ளங்களுக்குள் சென்று மற்றவர்களிடம் பேசி அழைத்து வந்தவர்களில் தாசில்தார் சிங்கும் ஒருவர்.